பேரம் பேசாத வாடிக்கையாளர்

ஆரணிப் பட்டு வாங்க வருகிறவர் முந்தியை விரித்து, ஜரிகையைத் தடவிப் பார்த்து, நூறு ரூபாயாவது குறைக்கச் சொல்லாமல் எழுந்திருக்க மாட்டார். வாட்ஸ்அப்பில் படத்தை மட்டும் பார்த்துவிட்டு, "இருபது சேலை எடுத்து வையுங்க, முன்பணம் இப்பவே போடுறேன்" என்று ஒருவர் சொன்னால், அங்கேயே உஷாராகிவிட வேண்டும். ராணுவ அதிகாரி என்று சொல்லி, அடையாள அட்டைப் படத்தையும் அனுப்பிச் சிறு வியாபாரிகளை ஏமாற்றும் கும்பல்கள் நாடெங்கும் இருக்கின்றன. அடுத்து ஒரு கியூஆர் கோடு வரும். "ஸ்கேன் பண்ணி பின் நம்பரைப் போடுங்க, பணம் வந்துடும்."

வராது, போய்விடும். யுபிஐயில் பின் நம்பர் என்பது நம் கணக்கிலிருந்து பணத்தை எடுக்க நாம் வங்கிக்குக் கொடுக்கும் சம்மதம். பணம் வாங்க அது தேவையே இல்லை.

கியூஆர் கோடு, 1994இல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனம் கார் உதிரிபாகங்களை அடையாளம் காண உருவாக்கியது. ஒரு பகுதி அழிந்தாலும் மீதியை வைத்துக் கணக்கிட்டுப் படிக்கும்படி அதன் கட்டங்கள் அமைந்திருக்கின்றன. அதனால்தான் அழுக்கேறிய ஸ்டிக்கரும் வேலை செய்கிறது. ஆனால் அதை ஒட்டியவர் யார் என்று அதற்குத் தெரியாது. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்தின் கஜுராஹோவில், ஒரே இரவில் பல கடைகளின் ஸ்டிக்கர்மீது வேறு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டார்கள். வாடிக்கையாளர்கள் கட்டிய பணம் வேறு கணக்குக்குப் போனது. பணம் கட்டுகிறவரின் திரையில், பணம் யாருக்குப் போகிறதோ அவர் பெயர் தெரியும். அதை வாய்விட்டுப் படிக்கச் சொன்னாலே போதும்.

முகூர்த்த மாதங்களில் இன்னொரு வலை வரும். கல்யாணப் பத்திரிகை என்று ஏபிகே கோப்பு அனுப்புகிறார்கள். பட்டு வியாபாரி அதைத் திறக்காமல் இருப்பாரா? அது பத்திரிகையே அல்ல, ஒரு செயலி. நிறுவியதும் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால் வங்கி அனுப்பும் ஓடிபி நேராகத் திருடனுக்குப் போகும். உண்மையான பத்திரிகை படமாகவோ பிடிஎஃப் ஆகவோ வரும், எதையும் நிறுவச் சொல்லாது.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. திருடிய தொகை சற்று நேரத்திலேயே பிறரிடம் வாடகைக்கு எடுத்த பல கணக்குகளுக்குப் பிரிந்து ஓடிவிடும். உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைத்து, பரிவர்த்தனையின் 12 இலக்க எண்ணைச் சொன்னால், பணம் எந்த வங்கியில் நிற்கிறதோ அங்கேயே நிறுத்த வழியுண்டு.

என்னை அதிகம் வருத்துவது, ஏமாறாத வியாபாரியும் இதில் மாட்டிக்கொள்வதுதான். எங்கோ திருடிய பணத்தில் ஒருவர் நம்மிடம் சேலை வாங்கியிருப்பார். வேறு மாநிலப் போலீஸ் சொல்லி நம் கணக்கு முடங்கும். அந்த வாரம் தறிக்காரருக்குக் கூலி கொடுக்க முடியாது, சூரத் ஜரிகைக்குப் பணம் கட்ட முடியாது. 2024இல் இப்படியொரு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைத்துவிட்டுக் கணக்கை இயங்க விடச் சொன்னது. அப்படிக் கேட்பதற்கு பில், கூரியர் ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் மூன்றும் கையில் இருக்க வேண்டும். கூலிப் பணத்தை யுபிஐயுடன் இணைக்காத தனிக் கணக்கில் வைத்துவிட்டால், வழக்கு முடியும்வரை தறி நிற்காது.