கடல் கடந்து வந்த தமால்

சேர்வராயன் மலையில் சில்வர் ஓக் நிழலில் செழித்திருக்கும் காப்பித் தோட்டங்களுக்கு மூலபுருஷராக, 1820களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரையைச் சொல்வது வழக்கம். ஆனால் அவர் ஏற்காட்டில் ஊன்றிய அந்தச் செடிக்கு ஜன்மபூமி ஆப்பிரிக்காவின் அபிசீனியா என்பதை நாம் அடிக்கடி நினைப்பதில்லை. செடியைப்போலவே அத்தேசத்திலிருந்தும் கிழக்காப்பிரிக்கக் கரையிலிருந்தும் மனிதர்களும் பல நூற்றாண்டுகளாக நம் நாட்டுக்கு வந்தார்கள். வர்த்தகராய்ச் சிலர், போர்வீரராய்ச் சிலர், அடிமைகளாய் மிகப் பலர். அடிமையாய் விற்கப்பட்டு, அகமதுநகர் ராஜ்யத்தையே நடத்துமளவு உயர்ந்து, 1626இல் மறைந்த மாலிக் அம்பர் அவர்களில் ஒருவர். இவ்வாறு வந்த ஆப்பிரிக்கரின் வம்சத்தார் இன்று குஜராத்திலும் கர்நாடகத்திலும் சித்திகள் என்ற பெயருடன் வாழ்கிறார்கள்.

குஜராத்துச் சித்திகளுக்குப் பிரதானமான க்ஷேத்திரம், பரூச் நகருக்கு அப்பால் ரத்தன்பூர்க் குன்றின்மேல் உள்ள பாவா கோர் தர்கா. அபிசீனியாவிலிருந்து வந்து இப்பகுதியின் அகேட் மணிக்கல் வியாபாரத்தை வளர்த்தவர் என்று ஐதீகம் போற்றும் அந்த மகானுக்கு, உர்ஸ் விழாவிலும் நேர்த்திக்கடன் நாட்களிலும் அவர்கள் செலுத்தும் வழிபாடே தமால் என்னும் ஆட்டம்.

அதன் வாத்தியங்களில் விசேஷமானது மலுங்கா. வில்லில் ஒரே தந்தியை இழுத்துக் கட்டி, சுரைக்குடுக்கையைப் பொருத்தி, சிறு குச்சியால் தட்டி ஒலிக்கிறார்கள். அடிமைகளாய் ஆப்பிரிக்கர் கொண்டுபோகப்பட்ட பிரேஸில் தேசத்திலும் பெரிம்பாவ் என்ற பெயரில் ஏறக்குறைய இதே கருவி ஒலிக்கிறது என்றால், கையில் ஒன்றும் கொண்டுவர அனுமதிக்கப்படாத ஜனங்கள் ஞாபகத்திலேயே எதைச் சுமந்து வந்தார்கள் என்பது விளங்கும். உட்கார்ந்து பாடும் பக்திப் பாடல்களில் மெல்லத் தொடங்கும் தமால், மத்தளங்களின் வேகம் ஏற ஏற எழுந்து ஆடும் ஆவேசமாகி, இறுதியில் ஆட்டக்காரர் தேங்காயை ஆகாயத்தில் வீசி, விழுகையில் தம் தலையாலேயே உடைக்கும் கட்டத்தை அடைகிறது. (கரூர்ப் பக்கம் மேட்டுமகாதானபுரத்தில் ஆடி மாதத்தில் பக்தர் தலையில் பூசாரி தேங்காய் உடைப்பதைக் கண்டவர்கள் இதற்கு அதிகம் திடுக்கிட மாட்டார்கள்.)

இந்த வழிபாட்டைத்தான் ‘சித்தி கோமா’ என்ற குழுவினர் 2002 முதல் வெளிநாட்டு மேடைகளுக்குக் கொண்டுசென்றார்கள். பாடகரும் வாத்தியக்காரரும் நால்வர், மயிலிறகு சூடி ஆடுவோர் எண்மர். பாங்கொலியில் ஆரம்பித்துத் தேங்காயில் முடியும்படி, இரவெல்லாம் நீளக்கூடிய சடங்கு ஒரு கச்சேரியின் அளவுக்குச் சுருங்கியது. உள்நாட்டிலோ, கீர் வனத்தருகே சிங்கம் பார்க்க வருவோருக்காக விடுதி முற்றங்களில் அதே ஆட்டம் நடைபெறுகிறது.

மேடையேறியதால் தெய்வீகம் போயிற்று என்று புலம்புவோர் கட்சியில் சேர எனக்கு மனமில்லை. காஞ்சியிலிருந்து வந்தவர்கள் என்று தம் பூர்விகத்தைச் சொல்லும் நம் மலைவாசிகளான மலையாளிக் குடிகள், மே மாதத்தில் சேர்வராயன் குகைக்கோயிலில் கூடுவது ஒன்று. அதே மாதத்தில் ஏற்காட்டுக் கோடை விழா மேடையில் கிராமியக் கலைஞர் ஆடுவது வேறொன்று. ஒன்றால் மற்றொன்று அழிந்துவிடவில்லை. பெரும்பாலும் கூலி வேலையையே நம்பியிருக்கும் சித்திகளுக்கு ஆட்டத்தால் வரும் வருமானம் அற்பமன்று. சொந்த தேசத்தாரே அறியாதிருந்த அவர்களை உலகம் அறிந்ததும் அந்த மேடைகளால்தான். ஆயினும் ஒரு வித்தியாசத்தை மறுப்பதற்கில்லை. தர்காவில் தமாலைப் பார்க்க வந்தவரும் வழிபட வந்தவரே. காணிக்கை நீட்டலாம், தம் வேண்டுதலை மகானிடம் முறையிடலாம். அயல்நாட்டு அரங்கில் பார்க்க வருபவரோ, முன்பே கட்டணம் கொடுத்து எண்ணிட்ட நாற்காலியில் அமர்ந்த ரசிகர். தேங்காய் உடைந்ததும் கைதட்டுவதைத் தவிர அவருக்கு வேறு பங்கு இல்லை.