கையொப்பத்தோடு நின்றுவிடலாமா?

எழுத்தறிவு பரவினால் கிராமம் முன்னேறும் என்பதை இன்று மறுப்பார் எவருமில்லை. 1951-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி நம் நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 100-க்குச் சுமார் 18 பேரே. 2011-ஆம் ஆண்டுக் கணக்கில் இத்தொகை நாடு முழுவதற்கும் சுமார் 74 ஆகவும், தமிழ்நாட்டிற்குச் சுமார் 80 ஆகவும் உயர்ந்தது. இது பெருமைக்குரிய வளர்ச்சியே. ஆயினும், இக்கணக்கு எவ்வாறு எடுக்கப்பெற்றது என்பதையும் நாம் அறிந்திருத்தல் வேண்டும். ஏழு வயதும் அதற்கு மேலும் ஆன ஒருவர், ஏதேனும் ஒரு மொழியைப் பொருள் உணர்ந்து படிக்கவும் எழுதவும் வல்லவரானால், அவர் எழுத்தறிவுடையவர் என்பது அரசாங்கம் வகுத்த இலக்கணம். ஆனால், கணக்கெடுப்பவர் எவர் கையிலும் புத்தகத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்வதில்லை. வீட்டார் கூறுவதையே பதிந்துகொள்கிறார். ஆகவே, தம் பெயரை மட்டும் எழுதப் பழகியவர்களும் இக்கணக்கில் இடம்பெற்றுவிடுவது உண்டு. இவர்களைப் பற்றியே பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயப் பெருமக்களும் சிறிது சிந்திக்க வேண்டும்.

கையொப்பமும் பொறுப்பும்

ஒருவர் பத்திரத்தில் கைந்நாட்டு வைக்கும்பொழுது, அதில் உள்ளதை அவருக்குப் படித்துக் காட்டியதாகக் குறிப்பு எழுதுவது வழக்கம். கையொப்பம் இடுபவர் நிலை வேறு. அவர் படித்தறிந்தே ஒப்பமிட்டார் என்று உலகம் கொள்ளும். பின்னர் வழக்கு நேர்ந்தால் அதனை மறுப்பது எளிதன்று. எனவே, பெயர் எழுத மட்டும் கற்றுப் படிக்கக் கல்லாதவர், கைந்நாட்டுக்காரரைவிட அதிக ஆபத்தில் நிற்கிறார் எனலாம். கூட்டுறவுச் சங்கக் கடன், நிலக்குத்தகை, பாகப்பிரிவினை ஆகிய எதுவாயினும் இது பொருந்தும்.

வயலிலும் இவ்வாறே. பூச்சிமருந்துக் கொள்கலத்தின் மேல் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்னும் நிறங்களில் ஒன்று அச்சிடப்பெற்றிருக்கும். சிவப்பு கடும் நஞ்சு. பச்சை நஞ்சு குறைந்தது. நிறம் இவ்வளவே சொல்லும். ஏக்கருக்கு எவ்வளவு மருந்து, எவ்வளவு நீர், தெளித்த பின் எத்தனை நாள் கழித்து அறுவடை செய்யலாம், நஞ்சு உட்சென்றால் செய்யத்தக்கது யாது என்பவற்றை எழுத்துத்தான் சொல்லும். அதனைப் படிக்க இயலாதவர் கடைக்காரர் வாய்ச்சொல்லையே நம்ப வேண்டியவராகிறார்.

முதிய வயதில் எழுத்து ஏறுமா?

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்று நம்மவர் கேட்பர். இக்கேள்விக்கு ஆராய்ச்சியாளர் விடை கண்டுள்ளனர். பள்ளியில் படித்தோர், பெரியவரான பின் கற்றோர், கல்லாதோர் ஆகிய மூவகையினரின் மூளையை ஒப்பிட்டு, பிரேசில், போர்ச்சுக்கல் நாட்டவரிடையே செய்த ஆராய்ச்சி ஒன்று 2010-இல் வெளியாயிற்று. படிப்பினால் மூளையில் உண்டாகும் மாறுதல்களுள் பெரும்பாலானவை, பெரியவரான பின் கற்றோரிடமும் காணப்பட்டன. நம் நாட்டிலேயே, லக்னோவை அடுத்த கிராமங்களில், எழுத்தறியாத பெண்கள் ஆறு மாதம் தேவநாகரி எழுத்தைக் கற்றனர். ஏறத்தாழ முதல் வகுப்புப் பிள்ளையின் அளவுக்கு அவர்கள் படிக்கத் தேறினர். மூளையின் ஆழ்ந்த பகுதிகளிலும் மாறுதல் தென்பட்டதாக 2017-இல் ஆராய்ச்சியாளர் தெரிவித்தனர். ஐம்பதிலும் வளையும், பழக்கம்தான் வேண்டும்.

முதியோர் பலர் வகுப்பை விட்டு நின்றுவிடுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. நாற்பதைக் கடந்தோர்க்கு வெள்ளெழுத்து வருதல் இயல்பு. எழுத்து கண்ணுக்குத் தெரியாததையே, "எனக்குப் படிப்பு வராது" என்று அவர்கள் எண்ணிவிடுகின்றனர். இவர்களுக்கு முதலில் வேண்டுவது மூக்குக் கண்ணாடி. அதன் பின்னரே பாடப் புத்தகம்.

கற்றது ஏன் மறக்கிறது?

புதிதாகக் கற்றவர் எழுத்துக் கூட்டி மெல்லப் படிக்கிறார். மனிதனின் உள்ளம், வந்து சேரும் சொற்களைச் சில வினாடிகளே ஏந்தி நிற்க வல்லது. வாக்கியத்தின் இறுதிச் சொல்லை எட்டுமுன் முதற்சொல் மறந்துபோனால் பொருள் விளங்காது. பொருள் விளங்காத படிப்பில் சுவை இராது. சுவையில்லாததை எவரும் தொடர்ந்து செய்யார். இவ்வாறு ஓராண்டு கைவிட்டவர் பழைய நிலைக்கே மீள்கிறார். நாற்றங்காலில் முளைத்துவிட்டது என்று நீர் பாய்ச்சாமல் இருந்தால் பயிர் என்னவாகும்? எழுத்துக் கற்பித்தல் நாற்று விடுவது போன்றது. சரளமாகப் படிக்கும் வேகம் வரும்வரை நாள்தோறும் சிறிதளவேனும் வாசிப்பு அவசியம்.

பயன்படும் கல்வியே நிலைக்கும்

மேற்கு ஆப்பிரிக்காவில் லைபீரியா என்னும் நாட்டில் 'வை' என்னும் மக்கள் வாழ்கின்றனர். அவர்களுக்குச் சொந்த எழுத்து உண்டு. அதனை அவர்கள் பள்ளியில் கற்பதில்லை. பெரியவர்களாகிய பின்னர் உற்றார் நண்பரிடம் கற்றுக் கடிதம் எழுதப் பயன்படுத்துகின்றனர். ஸ்கிரிப்னர், கோல் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் இவர்களிடையே ஆராய்ந்து, 1981-இல் நூல் ஒன்று வெளியிட்டனர். எழுத்தறிந்த மாத்திரத்தில் ஒருவருக்கு எல்லாத் திறமையும் வந்துவிடுவதில்லை என்பதும், எழுத்தை எதற்குப் பயன்படுத்துகின்றாரோ அதில் திறமை வளர்கிறது என்பதும் அவர்கள் கண்ட முடிவு. கடிதம் எழுதிப் பழகியவர்கள், ஒரு விளையாட்டின் விதிகளை அதனை அறியாதவர்க்கு விளங்கச் சொல்வதில் மற்றவரைவிடத் தேர்ந்திருந்தனர்.

இவ்வுண்மையை நம் நாட்டு அனுபவமும் காட்டுகிறது. அதிக விளைச்சல் தரும் புதுவித்துக்கள் பரவிய 1967-68-இல், உழவர்க்கு எழுத்தையும் புதிய சாகுபடி முறையையும் சேர்த்துக் கற்பிக்கும் திட்டம் தொடங்கப்பெற்றது. வித்து, உரம், பாசனம் ஆகியவையே அங்குப் பாடமாயின. 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடைபெற்ற அறிவொளி இயக்கத்தில், பெண்கள் எழுத்தோடு சைக்கிள் ஓட்டவும் பழகினர். வகுப்புக்கும் வேலைக்கும் சந்தைக்கும் பிறர் துணையின்றிச் சென்றுவர அது உதவிற்று. கல்வி வாழ்க்கைக்கு உடனே பயன் தருவதைக் கண்டவர் அதனை எளிதில் விடமாட்டார்.

வாசிக்கப் பொருள் எங்கே?

இத்துறையில் தமிழ்நாடு முன்னோடி. நூலக இயலின் தந்தை எனப் போற்றப்பெறும் எஸ். ஆர். இரங்கநாதன் ஊக்கத்தால், 1931-இல் மன்னார்குடி வட்டாரத்தில் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுசெல்லும் நடமாடும் நூலகம் இயங்கிற்று. 1948-இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டத்தை நிறைவேற்றியது. அச்சட்டத்தின்படி நாம் வீட்டுவரியோடு நூலக வரியும் செலுத்தி வருகிறோம். 2006 முதல் அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின்கீழ்ப் பஞ்சாயத்துக்களில் நூலகக் கட்டிடங்கள் எழுந்தன. வரி கொடுக்கிறோம், கட்டிடமும் இருக்கிறது. கதவு திறந்திருக்கிறதா, புதுக்கல்வியாளர் படிக்கத்தக்க நூல் அங்கு உள்ளதா என்பவையே கேள்விகள்.

பஞ்சாயத்துச் செய்யத்தக்கவை

1. பதினைந்து வயதுக்கு மேற்பட்ட எழுத்தறியாதோர்க்கென 2022-இல் ஐந்தாண்டுகளுக்கு வகுக்கப்பெற்ற புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம், எழுத்தோடு தொடர்கல்வியையும் தன் அங்கமாகக் கொண்டது. இத்திட்டத்தில் பயின்றோர் பட்டியலைப் பஞ்சாயத்து வைத்துக்கொண்டு, பயிற்சி முடிந்த பின்னும் அவர்கள் வாசிக்கிறார்களா என்று விசாரித்தல் வேண்டும்.

2. நூலகம் திறக்கும் நேரம் ஊர் வேலைநேரத்தை ஒட்டி அமைதல் வேண்டும். வயல்வேலைக்குச் செல்வோர்க்கு மாலையும், பெண்களுக்கு அவர்கள் சொல்லும் நேரமும் ஏற்றவை.

3. பொது இடத்தில் கரும்பலகை ஒன்று வைத்து, நாள்தோறும் பெரிய எழுத்தில் நான்கு வரிச் செய்தி எழுதலாம். விதை வந்த விவரம், சந்தை விலை, மருத்துவ முகாம் நாள் போன்றவை போதும். கிராம சபையில் வைக்கப்படும் வரவுசெலவின் சுருக்கத்தையும் சில நாள் முன்னரே எழுதி வைத்தால், சபைக்கு வருவோர் படித்துவிட்டு வந்து கேள்வி கேட்பர்.

4. மகளிர் சுயஉதவிக் குழுக்களில் கணக்கேட்டை ஒருவரே எழுதாமல், உறுப்பினர் யாவரும் முறைவைத்து எழுதலாம். வீட்டில் பேரப்பிள்ளை பாடம் படிக்கும்பொழுது பாட்டியும் உடன் படிக்கலாம்.

5. கண் பரிசோதனை முகாமை எழுத்தறிவு வகுப்போடு இணைத்து நடத்தலாம்.

6. எந்தப் பத்திரத்தையும் உரக்கப் படித்துக் காட்டிய பின்னரே ஒப்பம் பெறுதல் என்பதை ஊர் வழக்கமாக்கலாம். கையொப்பம் இடத் தெரிந்தவர்க்கும் இது பொருந்தும்.

இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் தேவையில்லை. இடைவிடாத கவனமே தேவை. சாலை போட்டால் ஆண்டுதோறும் பராமரிக்கிறோம். குளம் வெட்டினால் தூர் எடுக்கிறோம். எழுத்தறிவும் அவ்வாறு பேணப்பட வேண்டிய ஊர்ச்சொத்தே. நம் பஞ்சாயத்தில் எத்தனை பேர் கையொப்பம் இடுகிறார்கள் என்று இதுவரை எண்ணினோம். தாம் ஒப்பமிடும் தாளை எத்தனை பேர் தாமே படிக்கிறார்கள் என்று இனி எண்ணத் தொடங்குவோமாக.