நானோவில் நான்கு வரி: சேமித்த உழைப்புக்கு ஒரு காவல்

லினக்ஸ் கணினியில் முதன்முறையாகக் கட்டளைத் திரையைத் திறக்கும் மாணவர்கள் பலருக்கும் கைகொடுப்பது நானோ. 1999-இல் கிறிஸ் அலெக்ரெட்டா தொடங்கிய இந்த இலவச மென்பொருள், கோப்புகளை எழுதவும் திருத்தவும் உதவுகிறது. உபுண்டுவிலும் ராஸ்பெரி பையிலும் வழக்கமாக இது முன்கூட்டியே இருக்கும். அண்ணன் பயன்படுத்திக் கொடுத்த பழைய மடிக்கணினியிலும் தடையின்றி ஓடும்.

ஆனால், அமைப்பை மாற்றாமல் அப்படியே பயன்படுத்துவதில் ஓர் ஆபத்து உண்டு. ஒரு பத்தியைத் தவறுதலாக அழித்து, சேமித்து, வெளியேறிவிட்டால் பழைய வடிவம் திரும்பக் கிடைக்காது. கல்லூரித் திட்டப்பணியை ஒப்படைக்கும் முந்தைய இரவில் இது நேர்ந்தால் பல வார உழைப்பு வீணாகும்.

இதைத் தவிர்க்க ஓர் அமைப்புக் கோப்பு போதும். பயனரின் வீட்டுக் கோப்புறையில் அதை உருவாக்க வேண்டும். முதலில் ஒரு புள்ளி, அதையொட்டி நானோ, ஆர், சி: இதுவே அதன் பெயர். புள்ளியில் தொடங்குவதால் சாதாரணப் பட்டியலில் அது தெரியாது. அதில் இந்த நான்கு வரிகளை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டச்சு செய்யலாம்:

செட் லைன்நம்பர்ஸ்
செட் டேப்சைஸ் 4
செட் டேப்ஸ்டுஸ்பேசஸ்
செட் பேக்கப்

கண்ட்ரோல்+ஓ, என்டர் அழுத்தினால் கோப்பு சேமிக்கப்படும். கண்ட்ரோல்+எக்ஸ் அழுத்தி வெளியேறி, நானோவை மீண்டும் திறந்தால் மாற்றம் தெரியும்.

முதல் வரி, இடப்பக்கம் வரி எண்களைக் காட்டும். 42-ஆம் வரியில் பிழை என்று கணினி சொன்னால், விரலால் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். அடுத்த இரண்டும் டேப் விசையை நான்கு இடைவெளிகளாக மாற்றும். பைத்தான் நிரலில் டேப்பும் இடைவெளியும் கலந்தால் நிரல் ஓடாமல் நின்றுவிடும் என்பதால் இது முக்கியம். ஏற்கெனவே உள்ள டேப்களை இது மாற்றாது.

நான்காவது வரிதான் காவல். திருத்திய கோப்பைச் சேமிக்கும்போது, அதற்கு முந்தைய வடிவத்தை, பெயரின் இறுதியில் ~ குறி சேர்த்துத் தனியாக வைக்கும். தவறு நேர்ந்தால் அந்தப் பிரதியை உடனே வேறு பெயரில் நகலெடுத்துக்கொள்வது நல்லது. மீண்டும் சேமித்தால் அந்தப் பிரதியும் மாறிவிடும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சர்வர் கோப்புகளைச் சூடோ கட்டளையுடன் திறக்கும்போது, பயனரின் சொந்த அமைப்புக் கோப்பு படிக்கப்படாமல் போகலாம். அப்போது நான்காவது வரி உதவாது. இடிசி கோப்புறையில் உள்ள நானோஆர்சி கோப்பு எல்லாப் பயனர்களுக்கும் பொதுவானது. அதில் 'செட் பேக்கப்' வரியின் முன்னுள்ள # குறியை நீக்கினால் அங்கும் காவல் கிடைக்கும்.

இந்தச் சிறு கோப்பைப் பென்டிரைவில் வைத்துக்கொண்டால், நாளை வேலையிடத்தில் வேறு லினக்ஸ் கணினி கிடைத்தாலும் பழகிய அமைப்பு கூடவே வரும்.