சீரமைத்த நினைவகம்: வாங்குவது எளிது, விடுவிப்பதுதான் வம்பு

சி மொழியில் மாலாக் தரும் முகவரி அன்றாட வேலைக்குப் போதும். 64 பிட் லினக்ஸில் அது 16-ஆல் வகுபடும். சில ஏவிஎக்ஸ் கட்டளைகளுக்கு 32-ஆல் வகுபட வேண்டும். ஓ_டைரக்ட் முறையில் கோப்பைப் படிக்க 512 அல்லது 4096 கேட்கும். இப்படிப்பட்ட தேவை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்; இல்லையென்றால் மாலாக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தேவைதான் என்றால், கையிலிருக்கும் செயற்கூறுகளின் குணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். மெம்அலைன் தந்த இடத்தை ஃப்ரீயால் விடுவிக்க முடியாத பழைய கணினிகள் உண்டு. போசிக்ஸ்_மெம்அலைன் பிழை எண்ணைத் தானே திருப்பித் தரும், எர்நோவில் வைக்காது; எர்நோவைப் பார்ப்பவர் ஏமாறுவார். அலைன்ட்_அலாக் சி11 தரத்தில் வந்தது, ஆனால் மேக்கில் 10.15 பதிப்புக்கு முன்பு இல்லை. மைக்ரோசாஃப்டின் சி நூலகம் அதைத் தரவே இல்லை. அங்கே இருப்பது _அலைன்ட்_மாலாக். முதலில் அளவு, பிறகு சீரமைப்பு என்று வரிசை தலைகீழ். அது தந்ததை _அலைன்ட்_ஃப்ரீயிடம்தான் ஒப்படைக்க வேண்டும்.

ஆகவே, வாங்க ஒன்று, விட ஒன்று என்று சொந்தமாக ஒரு ஜோடி எழுதுங்கள். எந்தச் செயற்கூறு உள்ளே வேலை செய்கிறது என்பது அந்த ஜோடிக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

உள்ளே எதை வைப்பது என்று முடிவுசெய்ய, கன்ஃபிகர் சோதனையில் செயற்கூறின் பெயர் இணைந்துவிட்டது என்பதை மட்டும் நம்பாதீர்கள். ஓட்டிப் பார்த்து, வந்த முகவரி வகுபடுகிறதா என்று கேளுங்கள். வேறு கணினிக்காகத் தொகுக்கும்போது ஓட்ட வழியிராது. அப்போது மாற்றுவழியையே எடுப்பது என் வழக்கம்.

மாற்றுவழி இதுதான். சீரமைப்பு எண் இரண்டின் அடுக்காக இருக்கட்டும். சுட்டியின் அளவைவிடச் சிறியதென்றால் அந்த அளவுக்கு உயர்த்துங்கள். கேட்ட அளவோடு சீரமைப்பு எண்ணில் ஒன்று குறைத்ததையும், ஒரு சுட்டியின் அளவையும் கூட்டுங்கள். கூட்டல் சைஸ்_டி வரம்பைத் தாண்டுமா என்று முன்கூட்டியே சரிபாருங்கள். பலர் விடும் இடம் இது. மாலாக் தந்த முகவரியோடு சுட்டியின் அளவைக் கூட்டி, யுஇன்ட்பிடிஆர்_டி வகையில் அடுத்த மடங்குக்கு உயர்த்துங்கள். அதற்குச் சரியாக முந்தைய இடத்தில் மாலாக் தந்த பழைய சுட்டியை எழுதிவையுங்கள். விடுவிக்கும்போது அதை எடுத்து ஃப்ரீயிடம் கொடுத்தால் முடிந்தது. ரீஅலாக் மட்டும் வேண்டாம், சீரமைப்பு நிலைக்குமென்ற உறுதி அதில் கிடையாது.

சோதிக்கும்போது ஒற்றைப்படை அளவுகளில் பல துண்டுகளை ஒரே நேரத்தில் வாங்கி வைத்திருங்கள். ஒரே துண்டு தற்செயலாகச் சரியாக அமைந்துவிடலாம். கடைசியாக, நிரல் முழுக்க கிரெப் போட்டு, சீரமைப்புச் செயற்கூறுகளுக்கு ஜோடிக்கு வெளியே எஞ்சியிருக்கும் நேரடி அழைப்புகளை நீக்கிவிடுங்கள்.