மூன்று வாசிப்புகள்

செலாயாங்கில் வளர்ந்த எனக்குச் சட்டம் என்றாலே நாடாளுமன்றம்தான் நினைவுக்கு வரும். நான் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் அப்பா ஒருநாள், "பக்கத்துக் காலி நிலத்தை எதுக்குக் கொடுத்தாங்கன்னு யாரைப் போய்க் கேட்கிறது?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

பதில் ஷா ஆலாமில் இருந்தது. நிலமும் ஊராட்சி மன்றங்களும் மாநில அதிகாரத்திற்கு உட்பட்டவை. சிலாங்கூர் சட்டமன்றத்தில் 56 தொகுதிகள். செலாயாங் நாடாளுமன்றத் தொகுதிக்குள் குவாங், ரவாங், தாமான் டெம்ப்ளர் ஆகிய மூன்று அடங்கும்.

ஒரு மசோதா முதல் வாசிப்பில் அறிமுகம் மட்டுமே காணும். இரண்டாம் வாசிப்பில் அதன் நோக்கம் விவாதிக்கப்படும். பின்னர் செயற்குழு நிலையில் பிரிவு பிரிவாக ஆராய்வர். மூன்றாம் வாசிப்பில் நிறைவேறினால், சுல்தானின் ஒப்புதலோடு அரசிதழில் வெளிவரும்.

2010 ஜூலையில் தகவல் சுதந்திர மசோதா தாக்கலானது. அதை உடனே நிறைவேற்றாமல் தேர்வுக் குழுவிடம் ஒப்படைத்தனர். பொது இயக்கங்களும் கருத்துரைத்தன. திருத்தங்களுடன் 2011 ஏப்ரல் 1-ஆம் நாள் நிறைவேறியது. மலேசியாவில் இத்தகைய சட்டத்தை இயற்றிய முதல் மாநிலம் சிலாங்கூர்தான்.

இதற்கும் எல்லை உண்டு. 1972-ஆம் ஆண்டு அரசாங்க இரகசியச் சட்டம் கூட்டரசுச் சட்டமாகும். அதன்கீழ் இரகசியமானவற்றை மாநிலச் சட்டம் திறந்துவிடாது. மற்றவற்றை மாநிலத் துறைகளிடமும் ஊராட்சி மன்றங்களிடமும் விண்ணப்பித்துக் கேட்கலாம்.

நண்பர்களே, அப்பாவின் கேள்விக்கு இன்று ஒரு விண்ணப்பப் பாரம் இருக்கிறது. அதைப் பூர்த்தி செய்ய வேண்டியவர்கள் நாம்தான்.