கதையும் விளையாட்டும் சுகாதாரத்திற்கு உதவுமா?

சுகாதாரம் என்றதும் எமக்கு நினைவு வருவது வைத்தியசாலை, ஊசி, மருந்து, நீண்ட வரிசை என்பனதான். கதை, நாடகம், விளையாட்டு எல்லாம் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்றே எண்ணுகிறோம். ஆனால் கடந்த சில தசாப்தங்களாக உலகின் பல வைத்தியசாலைகள் இவற்றைத் தமது வேலைமுறைகளில் ஒன்றாகவே பயன்படுத்தி வருகின்றன. அதற்கு நல்லதோர் உதாரணம் எமது கிழக்கு மாகாணத்திலேயே உண்டு. திருகோணமலை மாவட்டத்தில் இருபது வருடங்களாகக் கற்பித்து வரும் ஓர் ஆசிரியர் என்ற வகையில் அதுபற்றி எமது மக்களுக்கு எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

1996ஆம் ஆண்டு மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா ஆரம்பிக்கப்பட்டது. யுத்தத்தினால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளைப் பற்றி கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் செய்த சுகாதார ஆய்வு ஒன்றின் தொடர்ச்சியாகவே இது உருவானது. பிள்ளைகளின் மனதில் உள்ள காயங்களை அறிக்கையில் எழுதிவிட்டுப் போவதுடன் வேலை முடிந்துவிடவில்லை. கனடா நாட்டுக் கலைஞர் போல் ஹோகனும் மட்டக்களப்பில் உளவளத்துணைப் பணி செய்த போல் சற்குணநாயகம் அடிகளாரும் இதனை முன்னின்று நடத்தினார்கள். ஹோகன் அதற்கு முன்னர், 1980களில், டொரொண்டோ நகரிலுள்ள சிறுவர் புனர்வாழ்வு வைத்தியசாலையில் இதே போன்றதொரு தோட்டத்தை உருவாக்கியிருந்தார். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளும் ஏனைய பிள்ளைகளும் அங்கே ஒன்றாகச் சேர்ந்து மண், நீர், வர்ணம், கதை ஆகியவற்றோடு விளையாடினார்கள்.

மட்டக்களப்புப் பூங்காவுக்குத் தமிழ்க் கிராமங்களிலிருந்தும் முஸ்லிம் கிராமங்களிலிருந்தும் பிள்ளைகள் ஒன்றாக அழைத்துவரப்பட்டார்கள். 1990இல் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் நடந்தவற்றுக்குப் பிறகு இது எவ்வளவு கடினமான காரியம் என்பதைக் கிழக்கில் வாழ்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அங்கே எந்தப் பிள்ளையிடமும் "உனக்கு என்ன நடந்தது?" என்று முதலில் கேட்பதில்லை. பிள்ளை களிமண்ணைப் பிசைகிறது, படம் வரைகிறது, கதை கட்டுகிறது. கற்பனையின் பயன் இங்குதான் இருக்கிறது. "எங்கட வீடு எரிந்தது" என்று சொல்ல ஒரு பிள்ளைக்கு வாய் வராது. ஆனால் "யானையின் வீடு எரிந்தது" என்று அதே பிள்ளை சொல்லிவிடும். யானை பிறகு எங்கே போனது, யார் அதற்குச் சோறு கொடுத்தார்கள் என்று கதை வளரும்போது பயமும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருகிறது.

எமது மாவட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2004 டிசம்பரில் சுனாமி. 2006 ஆகஸ்டில் மூதூர் மக்கள் உடுத்த உடையோடு கந்தளாய் வரை இடம்பெயர்ந்தார்கள். 2021 நவம்பரில் குறிஞ்சாக்கேணியில் மிதப்புப் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகளை இழந்தோம். ஒவ்வொரு முறையும் உலர் உணவு வந்தது, கூடாரம் வந்தது, அரசியல்வாதிகளும் வந்தார்கள். பிள்ளைகளின் மனதிற்கு என்ன வந்தது?

அடுத்தது விளையாட்டு. விளையாட்டில் பிழை விட்டால் யாருக்கும் நட்டமில்லை. அதனால் மனிதர்கள் அதில் துணிந்து பேசுவார்கள். பிரேசில் நாட்டு நாடகக்காரர் ஒகஸ்டோ போல் 1970களில் உருவாக்கிய விவாத அரங்கு இந்த அடிப்படையில் அமைந்ததுதான். ஒரு பிரச்சினையை நடித்துக் காட்டுவார்கள். பார்த்துக்கொண்டிருப்பவர் நடுவில் எழுந்து, "இப்படிச் செய்தால் என்ன?" என்று தானே அந்தப் பாத்திரத்தை ஏற்று நடிக்கலாம்.

2017இல் நாடு முழுவதும் 186,000க்கும் அதிகமான டெங்கு நோயாளர்கள் பதிவானார்கள். அவ்வருட ஆரம்பத்தில் கிண்ணியா மிக மோசமாகப் பாதிக்கப்பட்டதை நாம் மறக்க மாட்டோம். அதன் பிறகு நான் எனது வகுப்பில் டெங்குப் பாடத்தை நாடகமாகவே செய்து வருகிறேன். ஒருவர் நுளம்பு, ஒருவர் உம்மா, ஒருவர் பீஎச்ஐ சேர். ஒரு முறை பீஎச்ஐயாக நடித்த மாணவன், "பீப்பாத் தண்ணியை ஊத்துங்க" என்று அதட்டினான். உம்மாவாக நடித்த மாணவி விடவில்லை. "ஊத்திட்டு நான் எதுல சமைக்கிற? தண்ணி நினைச்ச நேரம் வருமா சேர்?" என்று கேட்டாள். வகுப்பே கைதட்டியது.

துண்டுப்பிரசுரத்தில் இல்லாத உண்மை அந்த ஒரு கேள்வியில் வெளிவந்தது. தாய்மார் தண்ணீரைச் சேமிப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஆகவே ஊற்றச் சொல்வதை விட்டுவிட்டு, பீப்பாவை எப்படி மூடுவது என்று பிள்ளைகள் யோசித்தார்கள். பழைய நுளம்பு வலைத் துண்டையும் இறப்பர் பட்டியையும் வைத்து மூடி செய்தார்கள். முட்டை நுளம்பாக மாற ஒரு வாரமளவு போதும் என்பதையும், முட்டைகள் காய்ந்த சுவரில்கூட மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டியிருக்கும் என்பதையும் நான் விளக்கினேன். வாரம் ஒரு முறை பீப்பாவின் உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுவதென்று அவர்களே முடிவெடுத்தார்கள்.

இதைத்தான் ஆய்வாளர்கள் பங்கேற்பு வடிவமைப்பு என்கிறார்கள். ஒரு சேவையைப் பயன்படுத்துபவரே அதை உருவாக்குவதிலும் பங்கெடுப்பது என்பதே இதன் பொருள். 2005ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தின் லூட்டன் நகர வைத்தியசாலையில் தலை, கழுத்துப் புற்றுநோயாளர்கள் தமது அனுபவங்களைக் கமெராவின் முன் சொன்னார்கள். பிறகு நோயாளர்களும் ஊழியர்களும் ஒன்றாக அமர்ந்து அதைப் பார்த்து, எதை மாற்றுவதென்று சேர்ந்தே தீர்மானித்தார்கள். அமெரிக்காவில் எம்.ஆர்.ஐ இயந்திரங்களை வடிவமைத்த டக் டீட்ஸ், ஒரு சிறுமி அந்த இயந்திரத்தைக் கண்டு அழுவதைப் பார்த்தார். சிறுவர்களோடு பழகுபவர்களிடம் கேட்டறிந்து, ஸ்கேன் அறையையே கடற்கொள்ளையர் கப்பல் போல மாற்றினார். பயம் குறைந்ததால், மயக்க மருந்து தேவைப்பட்ட பிள்ளைகளின் தொகையும் குறைந்தது. இயந்திரம் அதேதான், கதை மட்டுமே புதிது.

மக்களைக் கேட்காமல் முடிவெடுத்தால் என்ன நடக்கும் என்பதை எமது சமூகம் அனுபவித்தே அறிந்திருக்கிறது. கொரோனா ஜனாஸாக்களை அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லியிருந்தும், 2020இல் கட்டாய எரிப்பு கொண்டுவரப்பட்டது. 2021 மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் செய்ய அனுமதி கிடைக்கும் வரை எத்தனை குடும்பங்கள் கண்ணீர் வடித்தன! அதனால் உடைந்த நம்பிக்கை இன்னும் முழுமையாக ஒட்டவில்லை. தடுப்பூசி பற்றி வட்ஸ்அப்பில் வரும் வதந்தி எமது ஊர்களில் வேகமாகப் பரவுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

நாடகமும் பொம்மையும் மார்க்கத்திற்கு ஒத்துவருமா என்று சிலர் கேட்கக்கூடும். நபியவர்களின் வீட்டில் ஆயிஷா நாயகி (ரழி) அவர்கள் பொம்மைகளோடு விளையாடியதை ஹதீஸ் கிரந்தங்கள் சொல்கின்றன. அல்குர்ஆன் உவமைகளால் பேசுகிறது. கலந்தாலோசனை எமக்குக் கட்டளையிடப்பட்ட பண்பு. வரம்புகளை உலமாக்களிடம் கேட்டு அமைத்துக்கொள்ளலாம்.

ஆனால் எச்சரிக்கையும் தேவை. கதை மருந்துக்குப் பதிலாகாது. விடையை முதலிலேயே முடிவு செய்துவிட்டு நடத்தும் நாடகம் வெறும் பிரசாரம்தான். பயிற்சி இல்லாதவர்கள் பிள்ளையின் மனக்காயத்தைக் கிளறவும் கூடாது. அப்படியான பிள்ளையை உளவளத்துணையாளரிடம் அனுப்ப வேண்டும். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தையும் எல்லோரும் அறிந்திருப்பது நல்லது.

செய்யக்கூடியவை பெரிய செலவில்லாதவை. தரம் 6 மாணவிகளுக்கு எச்.பீ.வி தடுப்பூசி ஏற்றும் நாளுக்கு முன்னர், மாணவிகளும் தாய்மாரும் குடும்ப நல உத்தியோகத்தரும் ஒரு பாடவேளை சேர்ந்திருந்து சந்தேகங்களை நடித்தும் பேசியும் தீர்க்கலாம். வைத்தியசாலை அபிவிருத்திக் குழுக்களில், வரிசையில் நின்று மருந்தெடுக்கும் சாதாரணப் பெண்கள் இருவருக்காவது இடம் கொடுக்கலாம். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் துண்டுப்பிரசுரம் அச்சிடுவதற்கு முன்னர், அதை ஒரு வகுப்பறையில் நடித்துப் பார்க்கலாம். பாடசாலைகளும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் அழைத்தால், சுகாதார உத்தியோகத்தர்கள் நிச்சயம் வருவார்கள். அழைப்பு முதலில் எமது பக்கத்திலிருந்து போகட்டும்.