வயதான பூனையை மருத்துவரிடம் எப்போது கொண்டு செல்வது?

நெல் குதிரும் விதை மூட்டைகளும் உள்ள வீட்டில் பூனை வெறும் செல்லப் பிராணி அல்ல. எலிகளிடமிருந்து தானியத்தைக் காக்கும் காவலாளி அது. கறவை மாடு ஒரு வேளை தீவனம் தின்னாவிட்டால் உடனே கால்நடை மருத்துவரைத் தேடும் விவசாயிகள்கூட, பூனை சோர்ந்து படுத்தால் "வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுகின்றனர். மாட்டின் நோயைப் பாலின் அளவு காட்டிக் கொடுத்துவிடும். பூனைக்கு அப்படிப்பட்ட அளவுகோல் கிடையாது. நோயையும் வலியையும் மறைத்து ஒதுங்கிக்கொள்வது அதன் இயல்பு. ஆகவே, கவனிக்க வேண்டியவர் வளர்ப்பவரே.

எப்போது முதுமை?

பூனையின் முதல் இரண்டு ஆண்டுகள் மனிதரின் 24 வயதுக்குச் சமம். அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் நமக்கு நான்கு ஆண்டுகள் போன்றது. இக்கணக்குப்படி 10 வயதுப் பூனை 56 வயது மனிதரையும், 15 வயதுப் பூனை 76 வயது மனிதரையும் ஒத்தது. 10 வயதைக் கடந்த பூனையை வயதான பூனை என்று கொள்ளலாம். முதுமை என்பது நோய் அல்ல. தூக்கம் சற்றுக் கூடுவதும் ஓட்டம் குறைவதும் இயல்பு. ஆனால் மெலிவு, தாகம், பசியின்மை ஆகியவற்றை முதுமையின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

உடனே கொண்டு செல்ல வேண்டியவை

கீழ்க்கண்ட அறிகுறிகளில் ஒன்று தென்பட்டாலும் மறுநாள் வரை காத்திருத்தல் கூடாது.

1. வாயைத் திறந்து மூச்சு வாங்குதல். அமைதியாகத் தூங்கும் பூனை நிமிடத்திற்கு 30 முறைக்கும் குறைவாகவே மூச்சு விடும். விலாவின் ஏற்ற இறக்கத்தைக் கடிகாரம் வைத்து எண்ணிப் பார்க்கலாம்.

2. சிறுநீர் கழிக்க முக்கியும் வராமல் இருத்தல். இது கடுவன் பூனைகளில் அதிகம். பலர் இதை மலச்சிக்கல் என்று எண்ணி எண்ணெய் புகட்டிக் காலம் கடத்துகின்றனர். சிறுநீர் முழுதும் அடைபட்டால் ஓரிரு நாட்களில் உயிர் போய்விடும்.

3. பின்னங்கால்கள் திடீரென விழுந்து, சில்லிட்டு, பூனை வலியால் கத்துதல். இதய நோயால் உண்டாகும் இரத்தக் கட்டி கால்களுக்குச் செல்லும் குழாயை அடைப்பதால் இவ்வாறு நேரலாம்.

4. திடீரெனப் பார்வை போதல். கண்மணி விரிந்து, பூனை சுவரில் மோதும். உயர் இரத்த அழுத்தம் இதற்குக் காரணமாக இருக்கலாம்.

5. வலிப்பு, ஓயாத வாந்தி, ஈறு வெளுத்தல் அல்லது நீலம் பாய்தல்.

6. எலி மருந்தையோ, மருந்து தின்ற எலியையோ தின்றதாகச் சந்தேகம். துத்தநாக பாஸ்பைடு விரைவாக வேலை செய்யும். புரோமடியோலோன் கலந்த வில்லைகளோ இரத்தம் உறைவதைத் தடுப்பவை. அதன் தீங்கு சில நாட்கள் கழித்தே வெளிப்படும். ஆகவே "தின்றும் நன்றாகத்தானே இருக்கிறது" என்று ஏமாறக் கூடாது. மருந்தின் உறையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். உப்புநீர் புகட்டி வாந்தி எடுக்க வைக்க முயல வேண்டாம்.

ஒரு நாளுக்குள் காட்ட வேண்டியவை

24 மணி நேரம் எதுவும் தின்னாத பூனையை மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். மாடு ஓரிரு நாள் பட்டினியைத் தாங்கும். பூனை, அதிலும் பருத்த பூனை, தாங்காது. பட்டினி தொடர்ந்தால் உடலிலுள்ள கொழுப்பு கல்லீரலில் போய்ப் படிந்து, புதிய நோயை உண்டாக்கும். ஈறும் கண்ணின் வெள்ளையும் மஞ்சளாதல், சிறுநீரில் இரத்தம், புழு வைத்த புண், இடைவிடாத கழிச்சல் ஆகியவையும் இவ்வகையைச் சேர்ந்தவை. உடல் வெப்பம் 102.5 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேல் ஏறினால் காய்ச்சல் என்று கொள்ளலாம்.

ஒரு வாரத்திற்குள் காட்ட வேண்டியவை

மெதுவாக வரும் மாற்றங்களே பெரும்பாலும் தவறவிடப்படுகின்றன. இவற்றில் முதலாவது தாகம். மூன்று கிலோ எடையுள்ள பூனை நாளொன்றுக்கு 300 மில்லி லிட்டருக்கு மேல் நீர் குடித்தால் அது நோயின் அடையாளம். நலமான பூனைக்கு இதில் பாதியோ அதற்கும் குறைவோ போதும். சிறுநீரகக் கோளாறு, நீரிழிவு ஆகியவை தாகத்துடன்தான் தொடங்கும். சிறுநீரகம் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பழுதான பிறகே இந்தத் தாகம் வெளியே தெரியும். அதாவது, நாம் காணும்போதே காலம் கொஞ்சம் கடந்துவிட்டது.

இதை எழுதும் எனக்கே அப்படி ஒரு தவறு நேர்ந்தது. எங்கள் வீட்டில் 13 ஆண்டுகள் இருந்த பெட்டைப் பூனை, ஒரு சித்திரை மாதத்தில் மாட்டுத் தொட்டியருகே அடிக்கடி நின்று நீர் குடித்தது. கோடை வெயில் என்று எண்ணி இருந்துவிட்டேன். ஆடியில் அது எலும்பும் தோலுமான பிறகே மருத்துவரிடம் கொண்டு போனேன். சிறுநீரக நோய் முற்றியிருந்தது. முன்பே வந்திருந்தால் தக்க உணவாலும் மருந்தாலும் இன்னும் சில காலம் நலமாக வைத்திருக்கலாம் என்று மருத்துவர் கூறினார்.

இரண்டாவது எடை. பூனையைத் துணிப்பையில் இட்டுத் தொங்கு தராசில் மாதம் ஒருமுறை நிறுத்து, நாட்காட்டியில் குறித்து வையுங்கள். மூன்று கிலோ பூனை 300 கிராம் குறைந்தால், அது 60 கிலோ மனிதர் ஆறு கிலோ இளைத்ததற்குச் சமம். நன்றாகத் தின்றும் இளைத்தால் நீரிழிவோ தைராய்டு சுரப்பி மிகையோ இருக்கலாம்.

மற்றவை: வாய் நாற்றம், எச்சில் வடிதல், கவளத்தை வாயிலிருந்து நழுவவிடுதல் (பல், ஈறு நோய்), குதிர் மேல் ஏறாமை, படியில் தயங்குதல் (மூட்டு வாதம்), உடலை நக்கிச் சுத்தம் செய்யாமல் உரோமம் சடை பிடித்தல், இரவில் காரணமின்றிக் கத்துதல்.

செய்யக் கூடாதவை

நமக்குரிய மாத்திரைகளைப் பூனைக்குக் கொடுக்கவே கூடாது. காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பாரசிட்டமால் பூனைக்கு நஞ்சு. ஒரு மாத்திரையே உயிரைப் பறிக்கப் போதுமானது. மாட்டுக்கும் நாய்க்கும் உரிய உண்ணி மருந்துகளில் சிலவும் இவ்வாறே கேடு செய்யும். உப்பு மிகுந்த கருவாட்டை வயதான பூனைக்குக் குறைத்தல் நலம்.

சாதுவான பூனை திடீரெனச் சீறிக் கடித்தாலோ, காரணம் தெரியாமல் எச்சில் ஒழுக்கினாலோ, வெறிநோயும் இருக்கக்கூடும் என்பதை மறவாதீர்கள். அதைக் கையால் பிடிக்க வேண்டாம். கடியோ கீறலோ பட்டால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனையில் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

கொண்டு செல்லும் முறை

சாக்கில் கட்டித் தூக்கிச் செல்லக் கூடாது. வெயிலில் மூச்சு முட்டும். மூடியுள்ள மூங்கில் கூடையில் பழந்துணி விரித்து, காலை வேளையிலேயே புறப்படுங்கள். பூனையின் வயது, எத்தனை நாளாக நோய், கடைசியாகத் தின்றது, குடிக்கும் நீர், சிறுநீர், மலம், போட்ட தடுப்பூசி, வீட்டில் எலி மருந்து வைத்த நாள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிச் சென்றால் மருத்துவரின் வேலை பாதி குறையும்.

எல்லா நோயும் குணமாகும் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் வலியைக் குறைக்கலாம். பல நோய்களைக் கட்டுக்குள் வைக்கலாம். எதற்கும் வழியில்லாமல் பூனை தின்னாமலும் எழாமலும் வேதனைப்படுமானால், அதனைத் துன்பமின்றி வழியனுப்புவது பற்றியும் மருத்துவரிடம் தயங்காமல் கேட்கலாம். மூலையில் போட்டுச் சாகவிடுவதைவிட அது மேலானது.

10 வயதைக் கடந்த பூனையை, நோய் இல்லாவிடினும், ஆறு மாதத்திற்கு ஒருமுறை அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் காட்டி வாருங்கள். நேற்று செய்ததை இன்று பூனை செய்யவில்லையென்றால், ஏன் என்று கேளுங்கள். பத்தாண்டுகள் நம் தானியத்தைக் காத்த பிராணிக்கு நாம் செய்யும் கைம்மாறு அதுவே.